நியூயார்க் மியூசியத்துல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இன்டர்ன்ஷிப்: எந்த வாசல் வழியா போறது

தம்பி கேட்டது இதுதான். குவீன்ஸ்ல இருக்காங்க, பொண்ணு 10வது கிரேடு, சயின்ஸும் பிடிக்கும் படம் வரையவும் பிடிக்கும், இந்த சம்மர்ல ஒரு பெரிய மியூசியத்துல இன்டர்ன்ஷிப் வாங்கணும்னு ஆசைப்படறா, எங்க அப்ளை பண்றது, காலேஜுக்கு உதவுமா, அவ எச்4 விசால, அதாவது எச்1பி மாதிரி வேலை விசால வந்தவங்களோட குடும்பத்துக்கு குடுக்கறதுல, இருக்கறது பிரச்சனையாகுமா. கடைசி வரியில சின்னவன் அஞ்சாவது படிக்கறான் அவனுக்கும் ஏதாச்சும் உண்டான்னு கேட்டிருக்கீங்க. நான் இந்த ஊர்ல ஒரு மியூசியத்தோட எஜுகேஷன் டிபார்ட்மென்ட்ல ரொம்ப வருஷம் இருந்தவ, டீன் அப்ளிகேஷன் எல்லாம் கட்டுக்கட்டா படிச்சு இன்டர்வியூவும் எடுத்திருக்கேன், அதனால நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமையா படிங்க.

முதல்ல எச்4 விஷயத்த சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேர் இத கடைசில தெரிஞ்சுக்கிட்டு பிள்ளை அழறத பாக்கறாங்க. எச்4ல இருக்கற பிள்ளைக்கு இங்க வேலை பாக்க அனுமதி கிடையாது, சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் இருக்காது, டாக்ஸுக்காக வாங்கற ஐடின் நம்பர் வேலைக்கான அனுமதி ஆகாது. கம்பெனி மாத்தல்ல எல்1 விசால வந்தவங்களோட எல்2 பிள்ளைங்களுக்கும் இதே கததான், அங்க ஸ்பௌஸுக்கு வேலை பாக்கலாம்னு வந்த சலுகை பிள்ளைங்களுக்கு இல்ல. க்ரீன் கார்டுக்கான கடைசி அப்ளிகேஷன், அதாவது ஐ485, போட்டு அதுல ஈஏடி, அதாவது வேலை அனுமதி கார்டு, வாங்கியிருந்தா மட்டும் வேற. அதனால சம்பளம் குடுக்கற இன்டர்ன்ஷிப் எதுவா இருந்தாலும், ஸ்டைபண்டுன்னு பேர் போட்டிருந்தாலும், அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அந்த ப்ரோக்ராம் ஆளுக்கு ரெண்டு வரி ஈமெயில் போட்டு வேலை அனுமதி வேணுமான்னு கேட்டுடுங்க, கேக்கறதுல ஒரு அவமானமும் இல்ல, நாங்க அந்த மாதிரி மெயில் வருஷா வருஷம் பாப்போம். இன்னொன்னு, "சம்பளமே வேண்டாம் சும்மா செய்யறேன்"னு சொன்னா சரியாயிடும்னு சில பேர் நினைக்கறாங்க, அது அப்படி இல்ல, மத்தவங்களுக்கு காசு குடுக்கற வேலைய நீங்க இலவசமா செஞ்சா அது வாலன்டியரிங் ஆகாது, பின்னாடி சிக்கல் வரலாம், அந்த இடத்துல ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க. ஆனா மனசு விட வேண்டாம், ஏன்னா மியூசியத்துல பிள்ளைங்களுக்கு நடக்கறதுல பாதி வேலையே இல்ல, வகுப்பு, அதுவும் ஃப்ரீ வகுப்பு, அதுல உக்கார விசா தடையில்ல, என்னை கேட்டா ஆரம்பிக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஏன் அப்படி சொல்றேன்னா, வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு இன்டர்ன்ஷிப்ன்னா ஒரு ஃபார்ம் போட்டா கிடைக்கற சீட்டு மாதிரி தெரியும். உள்ள இருந்து பாத்தா அது ஒரு ஏணி. முதல் படி யார் வேணா வரலாம், ஒரு சனிக்கிழமை வர்க்‌ஷாப், ஒரு சாயங்கால நிகழ்ச்சி. ரெண்டாவது படி பத்து வாரம் மாதிரி ஒரு கோர்ஸ். மூணாவது படிதான் சம்பளம் குடுக்கற இடம், அங்க வர்ற அப்ளிகேஷன்ல கீழ் ரெண்டு படியில நம்ம பாத்து பழகின முகம் இருந்தா நாம மறக்க மாட்டோம். இதுல சிபாரிசு ஒண்ணும் இல்ல, அந்த பிள்ளை நேரத்துக்கு வரும், பாதில ஓடாது, பக்கத்துல இருக்கற பிள்ளையோட சண்டை போடாதுன்னு நமக்கு தெரியும், அவ்வளவுதான்.

இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்கன் மியூசியம் ஆஃப் நேச்சுரல் ஹிஸ்டரி. 1869ல ஆரம்பிச்சது, சென்ட்ரல் பார்க் பக்கத்துல, பி, சி ட்ரெயின்ல 81வது ஸ்ட்ரீட்ல இறங்கினா பக்கத்துலயே இருக்கு. அங்க சயின்ஸ் ரிசர்ச் மென்டரிங் ப்ரோக்ராம்னு ஒண்ணு 2009லேர்ந்து நடக்குது. 10வது 11வது படிக்கறப்போ அப்ளை பண்ணணும், சம்மர்ல முதல்ல பயிற்சி, அப்புறம் ஸ்கூல் வருஷம் முழுக்க வாரம் ரெண்டு நாள் ஸ்கூல் முடிஞ்சு போய் அங்க இருக்கற சயின்டிஸ்டோட நிஜமான ஆராய்ச்சி, டிஎன்ஏவும் உண்டு, எலும்பு அளக்கறதும் உண்டு, நட்சத்திரங்களோட டேட்டா பாக்கறதும் உண்டு. இதுக்கு நேரா போய் கதவ தட்ட முடியாது, அந்த மியூசியத்தோட ஆஃப்டர் ஸ்கூல் கோர்ஸ் மாதிரி ஒண்ணு முன்னாடியே எடுத்திருக்கணும், பாத்தீங்களா, அதே ஏணி. உங்க பொண்ணுக்கு சயின்ஸ் பிடிக்கும்னா இந்த வருஷமே அந்த கோர்ஸ் ஒண்ணுல சேத்து விடுங்க. இதே மாடல்ல நகரத்துல வேற சில இடங்களும் ஒரு கூட்டமைப்பா சேந்து நடத்தறாங்க, அதனால ஒரே கதவுன்னு நினைக்க வேண்டாம். ஸ்டைபண்ட் வர்ற ப்ரோக்ராம், அதனால மேல சொன்ன ஈமெயில் இங்க கட்டாயம்.

நீங்க குவீன்ஸ்ங்கறதால அடுத்து சொல்ல வேண்டியது நியூயார்க் ஹால் ஆஃப் சயின்ஸ். ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்கு போறீங்க இல்ல, அங்கேர்ந்து பக்கம்தான், 7 ட்ரெயின்ல 111வது ஸ்ட்ரீட். 1964 வேர்ல்ட்ஸ் ஃபேருக்காக கட்டினது, வாசல்ல ரெண்டு பெரிய ராக்கெட் நிக்கும். அங்க சயின்ஸ் கரியர் லேடர்ன்னே பேர் வச்சு 1980கள்லேர்ந்து ஒரு ப்ரோக்ராம் ஓடுது, ஹைஸ்கூல் காலேஜ் பிள்ளைங்கள எக்ஸ்ப்ளெய்னர்னு சொல்லி ஹால்ல நிக்க வைப்பாங்க, வர்றவங்களுக்கு ஒவ்வொண்ணும் எப்படி வேலை செய்யுதுன்னு இவங்கதான் விளக்கணும், சம்பளம் உண்டு. அந்த எக்ஸ்ப்ளெய்னர்கள் காலகாலமா பண்ணின ஒரு டெமோ இருக்கு, மாட்டுக்கண்ண வெட்டி காட்டறது. நான் முதல் தடவ பாத்தப்ப ஒரு பொண்ணு, பதினேழு வயசு இருக்கும், க்ளவுஸ் போட்டுட்டு ஒரு ட்ரேல கண்ண வச்சு சுத்தி நிக்கற சின்ன பசங்ககிட்ட "யார் யாருக்கு அருவருப்பா இருக்கு, கைய தூக்குங்க, பரவால்ல எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு கத்தரிய வச்சா. உள்ளேர்ந்து லென்ஸ் எடுத்தா, சின்ன கண்ணாடி உருண்டைய அமுக்கின மாதிரி, அத ஒரு அச்சடிச்ச பேப்பர் மேல வச்சதும் எழுத்து பெருசா தெரிஞ்சுச்சு, பின்னாடி நின்ன பசங்க எல்லாம் முன்னாடி வந்துட்டாங்க. அப்புறம் கண்ணோட உள்பக்கத்த திருப்பி காட்டினா, நீலமும் பச்சையுமா மின்னுச்சு, நம்மூர் பட்டுப்புடவைல மயில்கழுத்து கலர்னு சொல்வோமே, அச்சா அதே கலர், ராத்திரில வெளிச்சம் பட்டா மாட்டுக்கண்ணு பளபளக்கறது இதனாலதான்னு அவ சொன்னப்ப எனக்கே சிலிர்த்துடுச்சு. அந்த பொண்ணுக்கு பயாலஜில என்ன மார்க்கோ எனக்கு தெரியாது. ஆனா ஒரு கூட்டத்தோட பயத்த கவனிச்சு, அத பேர் சொல்லி ஒத்துக்கிட்டு, கைப்பிடிச்சு கூட்டிட்டு போக தெரிஞ்சுது, மியூசியங்கள் தேடறது இதைத்தான். உங்க பொண்ணு கூச்சப்படறவளா இருந்தாலும் பரவால்ல, கூச்சப்படற பிள்ளைங்கதான் ஒரு வருஷத்துல அடையாளமே தெரியாம மாறி நிக்கறத நான் அதிகம் பாத்திருக்கேன்.

கலைப்பக்கம் வந்தா, மெட்ரோபாலிட்டன், எல்லாரும் மெட்னு சொல்றது, அங்க ஹைஸ்கூல் இன்டர்ன்ஷிப் இருக்கு, சம்பளத்தோட. நியூயார்க் மட்டும் இல்ல நியூஜெர்சி கனெக்டிகட் பிள்ளைங்களும் அப்ளை பண்ணலாம், எடிசன்ல இருக்கறவங்க இத குறிச்சு வச்சுக்கங்க. படம் வரையறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, பழைய பொருள பழுது பாக்கற கன்சர்வேஷன், டிஜிட்டல், எஜுகேஷன்னு பல டிபார்ட்மென்ட்ல போடுவாங்க, பொண்ணுக்கு சயின்ஸும் கலையும் ரெண்டும் பிடிக்கும்னீங்களே, கன்சர்வேஷன்ங்கறது அந்த ரெண்டும் சேர்ற இடம், ஒரு துணில இருக்கற சாயம் என்ன, வெண்கலத்துல பிடிச்ச களிம்பு ஏன் வந்துச்சுன்னு கெமிஸ்ட்ரி வச்சு கண்டுபிடிக்கறவங்க அவங்க. அப்ளை பண்ணலேன்னாலும் டீன்ஸ் டேக் த மெட்னு ஒரு சாயங்காலம் வைப்பாங்க, 2014ல ஆரம்பிச்சது, டீனேஜ் பிள்ளைங்களுக்கு மட்டும், ஃப்ரீ, நகரத்துல இருக்கற மத்த கலை அமைப்புகளும் அங்க வந்து மேசை போடுவாங்க, ஒரே ராத்திரில பத்து இடத்துக்காரங்கள பாத்து பேசிடலாம்.

மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட், சுருக்கமா மோமா, அங்க இன் த மேக்கிங்னு ஃப்ரீ கோர்ஸ், பல வாரம் நடக்கும், பெயின்ட் பேப்பர் எல்லாம் அவங்களே குடுப்பாங்க, வரைய தெரியணும்னு கட்டாயம் இல்ல, எச்4 பிள்ளைக்கு நான் முதல்ல சொல்ற பேர் இதுதான். விட்னி ஆர்ட் மியூசியத்துல யூத் இன்சைட்ஸ்னு டீன் ப்ரோக்ராம், அதுல லீடர்ஸ்னு ஒரு பிரிவுக்கு சம்பளம் உண்டு, மத்த டீன்ஸுக்காக நிகழ்ச்சி திட்டம் போடற வேலை. ஹார்லெம்ல ஸ்டூடியோ மியூசியம், 1968ல ஆரம்பிச்சது, அங்க 2001லேர்ந்து எக்ஸ்பாண்டிங் த வால்ஸ்னு ஃபோட்டோகிராஃபி ப்ரோக்ராம், ஹார்லெம் மக்கள வாழ்நாள் பூரா படம் எடுத்த ஜேம்ஸ் வான்டர்ஸியோட ஃபோட்டோக்கள பாத்து பாத்து பிள்ளைங்க தங்களோட தெருவ எடுப்பாங்க, முடிவுல அந்த மியூசியத்துலயே அது கண்காட்சிக்கு வரும். பதினாறு வயசுல தன் படம் ஒரு மியூசியம் செவுத்துல மாட்டியிருக்கறத பாக்கற பிள்ளையோட முகம் இருக்கே, அத வார்த்தையில சொல்ல முடியாது. ப்ரூக்ளின் மியூசியம், ப்ராங்க்ஸ் மியூசியம் ரெண்டுலயும் டீன் ப்ரோக்ராம் உண்டு, பெரிய பேருக்காக எல்லாரும் மெட் வாசல்ல நிக்கறப்போ இந்த மாதிரி இடத்துல பிள்ளைங்களுக்கு பொறுப்பு அதிகம் குடுப்பாங்க, என் சொந்த பிள்ளையா இருந்தா நான் இங்கதான் முதல்ல அனுப்புவேன். ஹட்சன் ஆத்துல நிக்கற இன்ட்ரெபிட், 1943ல கடல்ல இறங்கின போர்க்கப்பல், 1982லேர்ந்து மியூசியம், அங்க கோல்ஸ் ஃபார் கேர்ள்ஸ்னு ஹைஸ்கூல் ஆரம்பத்துல இருக்கற பொண்ணுங்களுக்கு சயின்ஸ் சம்மர் ப்ரோக்ராம், ஃப்ரீ, உங்க பொண்ணுக்கு கிரேடு பொருந்துதான்னு அந்த வருஷத்து அறிவிப்புல பாத்துக்கங்க.

வேலை அனுமதி இருக்கற பிள்ளைங்க இத படிச்சா, நகராட்சியோட சம்மர் யூத் எம்ப்ளாய்மென்ட் ப்ரோக்ராம விட்டுடாதீங்க. 1963லேர்ந்து நடக்குது, 14லேர்ந்து 24 வயசு, இப்பல்லாம் வருஷத்துக்கு சுமார் 1 லட்சம் இடம், பெரும்பாலும் குலுக்கல் முறை, ஆறு வாரம், மியூசியங்களும் அதுல வேலை குடுக்கற இடமா இருக்கும். 18 வயசுக்கு கீழ யாரா இருந்தாலும் சம்பள வேலைக்கு நியூயார்க்ல வர்க்கிங் பேப்பர்ஸ் வேணும், ஸ்கூல் ஆஃபீஸ்லதான் வாங்கணும், டாக்டர்கிட்ட உடம்பு நல்லா இருக்குன்னு சர்டிஃபிகேட் கேப்பாங்க, செலக்ட் ஆனப்புறம் ஓடினா டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காம முதல் வாரமே போயிடும், அதனால முன்னாடியே வாங்கி வச்சுடுங்க.

இப்ப அப்ளிகேஷன். சம்மருக்கானது பொதுவா ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள தொறந்து மூடிடும், மே மாசம் கேக்க ஆரம்பிச்சா எல்லாம் முடிஞ்சிருக்கும். டீச்சர்கிட்ட லெட்டர் கேக்கறதா இருந்தா மூணு வாரம் டைம் குடுங்க. கட்டுரைய தயவு செஞ்சு நீங்க எழுதி குடுக்காதீங்க, காசு குடுத்து ஆள் வச்சும் எழுத வேண்டாம். படிக்கறவங்களுக்கு நாலாவது வரில தெரிஞ்சுடும், சின்ன வயசுலேர்ந்தே எனக்கு கலை மேல தீராத தாகம்னு ஆரம்பிக்கற கட்டுரை ஒரு நாளைக்கு நாப்பது படிச்சவ நான், ஒண்ணு கூட ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கறது ஒரு பையனோடது. நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல கடல் ஹால்ல மேலேர்ந்து தொங்குமே நீலத்திமிங்கலம், 94 அடி நீளம், அதோட வயித்துல தொப்புள் இருக்கு, கீழ தரையில மல்லாக்க படுத்து பாத்தாத்தான் கண்ணுல படும். இவன் ஆறு வயசுல அங்க படுத்துக்கிட்டு மீனுக்கு எதுக்கு தொப்புள்னு அம்மாவ கேட்டிருக்கான், அம்மாவுக்கு தெரியல, அங்க நின்ன ஒரு ஸ்கூல் அக்கா வந்து பக்கத்துலயே படுத்து, இது மீனே இல்லடா, உன்னை மாதிரி அம்மா வயித்துலேர்ந்து வந்ததுன்னு சொல்லியிருக்கா. நான் அந்த அக்காவா ஆகணும்னு எழுதியிருந்தான். அரைப்பக்கம் கூட இல்ல, ரெண்டு ஸ்பெல்லிங் தப்பு வேற. படிச்ச மூணு பேருமே அவனுக்கு சரின்னு போட்டோம்.

இதுக்கு ஒரே தயாரிப்புதான் இருக்கு, போய் பாக்கறது. ஒரே நாள்ல மியூசியம் முழுக்க சுத்தி கால் வலிக்க வீட்டுக்கு வர்றது பிரயோஜனம் இல்ல, ஒரு பொருள் முன்னாடி இருவது நிமிஷம் நிக்க சொல்லுங்க, ஒரு நோட்டுல வரையட்டும், கேள்வி எழுதட்டும், அடுத்த மாசம் அதே பொருள்கிட்ட திரும்ப போகட்டும். காசு ஒரு தடையே இல்ல, மெட்ல நியூயார்க் ஸ்டேட்ல இருக்கறவங்க விருப்பப்பட்டத குடுத்தா போதும், நேச்சுரல் ஹிஸ்டரிலயும் அப்படித்தான், மோமால 16 வயசு வரைக்கும் ஃப்ரீ, விட்னில 2024 டிசம்பர்லேர்ந்து 25 வயசு வரைக்கும் ஃப்ரீ, லைப்ரரி கார்டு இருந்தா கல்ச்சர் பாஸ்ல இன்னும் நிறைய இடத்துக்கு டிக்கெட் எடுக்கலாம்.

அப்படி போறப்போ மெட்ல தெற்காசிய கேலரில நிக்கற சோழர் காலத்து பார்வதிய காட்டுங்க. பத்தாம் நூற்றாண்டு, ரெண்டேகால் அடி உயரம்தான், வலது கை பூ பிடிக்கற மாதிரி மடங்கி இருக்கும், இடது கை அப்படியே தளர்ந்து தொங்கும். இந்த மாதிரி செப்புத்திருமேனிகளோட பீடத்துல ஓட்டையோ வளையமோ இருக்கறது எதுக்குன்னு அங்க வர்றவங்கள்ல நிறைய பேருக்கு தெரியாது, உற்சவர் புறப்பாட்ட தோள்மேல உக்காந்து பாத்த நம்ம பிள்ளைக்கு தெரியும், கம்பு கோத்து தூக்கிட்டு போகத்தான், அது சிலை மட்டும் இல்ல, பட்டு கட்டி பூ சாத்தி வீதில வந்த சாமி. இத ஒரு இன்டர்வியூல உங்க பொண்ணு தன் வார்த்தையில சொன்னா அந்த ரூம்ல யாரும் மறக்க மாட்டாங்க. கோவில்லேர்ந்து திருடு போன சிலைகள் பத்தியும் அவ கேக்கட்டும், ஒரு பொருள் எந்த கையிலேர்ந்து எந்த கைக்கு மாறி இங்க வந்துச்சுன்னு தேடறது இப்ப மியூசியங்கள்ல ஒரு தனி வேலையாவே ஆயிடுச்சு, தமிழ் படிக்க தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு அதுல இடம் இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. ஆயிரக்கணக்குல டாலர் வாங்கிட்டு மியூசியம் இன்டர்ன்ஷிப் வாங்கித்தரேன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அதுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க, நான் மேல சொன்னது எதுக்கும் இடைல ஆள் தேவையே இல்ல. அப்புறம், ஊருக்கு போறது. இங்க ஸ்கூல் ஜூன் கடைசில முடியும், சம்மர் ப்ரோக்ராம் எல்லாம் ஜூலை முதல் வாரத்துல தொடங்கி ஆகஸ்ட் நடுவுல முடியும், நாம டிக்கெட் போடறதும் அதே தேதிக்குத்தான். நடுவுல பத்து நாள் லீவு கேட்டா எங்கயும் தர மாட்டாங்க, செலக்ட் ஆன பிள்ளை பாட்டிய பாக்க போகணும்னு விலகினப்ப அந்த இடத்துக்காக காத்திருந்த பிள்ளைய கடைசி நேரத்துல கூப்பிட்டும் வர முடியாம போனத நான் பாத்திருக்கேன். ஊருக்கு போற வருஷத்துல ஸ்கூல் நாள்ல நடக்கற கோர்ஸ்க்கு போடுங்க, சம்மர அடுத்த வருஷத்துக்கு வைங்க.

காலேஜுக்கு உதவுமான்னா உதவும், ஆனா ஒரு வருஷம் ஒரே இடத்துல நின்ன பிள்ளைக்கு உதவற அளவுக்கு ரெண்டு வார சர்டிஃபிகேட் நாலு வச்சிருக்கற பிள்ளைக்கு உதவாது.

சின்னவன் விஷயம் உண்மையில பெரியவள விட அவசரம் தம்பி. நேச்சுரல் ஹிஸ்டரில லாங் (Lang) சயின்ஸ் ப்ரோக்ராம்னு ஒண்ணு இருக்கு, அஞ்சாவது படிக்கறப்பதான் அப்ளை பண்ண முடியும், சேந்துட்டா ஹைஸ்கூல் முடியற வரைக்கும் ஏழு வருஷம், சனிக்கிழமைகள்லயும் சம்மர்ல சில வாரமும், அந்த கண்ணாடிப்பெட்டிக்கு பின்னாடி இருக்கற லேப் வரைக்கும் கூட்டிட்டு போவாங்க. இந்த வருஷம் விட்டா அவனுக்கு அந்த வாசல் அவ்வளவுதான், அதனால இன்னைக்கு ராத்திரியே அவங்க பக்கத்த தொறந்து கடைசி தேதி என்னன்னு பாத்துடுங்க.